யோபுவின் மீது சுமத்தப்பட்ட பழி

சாம்பலில் ஒருவர் அமர்ந்திருக்கிறார். உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை அவர் உடலெங்கும் கொடிய புண்கள். கையில் இருக்கும் ஓட்டுத்துண்டால் அவற்றைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். ஏழு புதல்வரும் மூன்று புதல்வியருமாகப் பத்துப் பிள்ளைகளும் ஒரே நாளில் வீடு இடிந்து விழுந்து மடிந்துவிட்டனர். 7,000 ஆடுகளும் 3,000 ஒட்டகங்களும் 500 ஏர் மாடுகளும் 500 கழுதைகளும் கொள்ளையராலும் வானத்துத் தீயாலும் பறிபோய்விட்டன. இந்நிலையில் அவருக்கு எதிரே அமர்ந்திருக்கும் நண்பர் ஒருவர் வாய் திறக்கிறார். யோபுவின் தீமைகளுக்கு எல்லையே இல்லை என்கிறார். உறவினரிடமிருந்தே காரணமின்றி அடகு வாங்கினார், ஏற்கெனவே ஆடையற்றவர்களின் ஆடையையும் உரித்துக்கொண்டார், களைத்தவனுக்குத் தண்ணீர் தரவில்லை, பசித்தவனுக்கு அப்பம் மறுத்தார், விதவைகளை வெறுங்கையோடு அனுப்பினார், அநாதைகளின் கைகள் நொறுக்கப்பட்டன என்று அடுக்கிக்கொண்டே போகிறார்.

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலுள்ள யோபுவின் நூலில் 22-ஆம் அதிகாரத்தில் இந்தக் குற்றப்பட்டியல் வருகிறது. பேசுபவர் தேமான் ஊரைச் சேர்ந்த எலிப்பாஸ். இதில் ஒன்றுகூட உண்மையில்லை என்பது நூலைப் படிப்பவருக்குத் தெரியும். யோபு நேர்மையானவர், தீமையை விட்டு விலகியவர் என்று முதல் வசனமே கூறுகிறது. அதே சொற்களை இறைவனும் இருமுறை தம் வாயால் சொல்கிறார். ஆனால் அந்த விண்ணுலக உரையாடலை எலிப்பாஸ் கேட்டவரல்லர். யோபுவும் அதனை அறியார். துன்பத்தைப் பற்றிய நூல் என்று உலகம் போற்றும் இந்நூலில், துன்பத்தின் மேல் பழியும் வந்து விழும் இந்தப் பகுதி போதிய அளவு கவனிக்கப்படுவதில்லை. ஆயினும் நூலின் முடிவில் இறைவன் வழங்கும் தீர்ப்புக்கு இதுவே திறவுகோல்களில் ஒன்று.

நல்ல நண்பர் பொய்யராகும் வழி

எலிப்பாஸைத் தீயவர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. நூல் அவ்வாறு ஒதுக்கவில்லை. எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் ஆகிய மூவரும் நண்பரின் துயரைக் கேள்வியுற்று, தத்தம் ஊரிலிருந்து புறப்பட்டு, ஒருமித்து வந்தவர்கள். தொலைவில் அவரை அடையாளம் காண முடியாமல் வாய்விட்டு அழுதவர்கள். ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு சொல்லும் பேசாமல் அவருடன் தரையில் அமர்ந்திருந்தவர்கள். துயருற்றவர் ஒருவருக்கு மனிதர் செய்யக்கூடிய மிகச் சிறந்த பணியை அந்த ஏழு நாட்களில் அவர்கள் செய்தார்கள். பேசத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது.

தொடக்கத்தில் எலிப்பாஸின் பேச்சு மென்மையாகவே இருந்தது. தளர்ந்த கைகளை யோபு திடப்படுத்தியதையும், தடுமாறியவர்களைத் தம் சொற்களால் நிலைநிறுத்தியதையும் அவரே 4-ஆம் அதிகாரத்தில் நினைவுகூர்கிறார். அதாவது, யோபுவின் நற்பணிக்கு நேரில் கண்ட சாட்சி எலிப்பாஸ். அந்தச் சாட்சியே 22-ஆம் அதிகாரத்தில் தாம் முன்பு சொன்னதற்கு நேர்மாறாகப் பேசுகிறார். இடையில் புதிய செய்தி எதுவும் வரவில்லை. ஊத்ஸ் தேசத்திலிருந்து எந்த விதவையும் வந்து முறையிடவில்லை. வாதம் ஒன்றுதான் நடந்திருந்தது.

அந்த வாதத்தில் மூன்று நண்பர்களும் பற்றி நின்ற கொள்கை ஒன்றே: இறைவன் நீதியுள்ளவர்; ஆகவே நல்லோர் வாழ்வர், தீயோர் வீழ்வர். யோபு 21-ஆம் அதிகாரத்தில் இதனை உலக நடப்பைக் காட்டி மறுத்தார். தீயோர் முதுமை வரை செழித்து வாழ்கிறார்கள், அவர்களுடைய மாடுகள் கன்று ஈனத் தவறுவதில்லை, அவர்கள் இசைகேட்டு மகிழ்ந்து அமைதியாகவே கல்லறைக்குப் போகிறார்கள் என்றார். கண்முன் உள்ளதை மறுக்க இயலாது. கொள்கையைக் கைவிடவும் மனமில்லை. எஞ்சியது ஒரே வழி. கொள்கைக்கு ஏற்றவாறு யோபுவின் கடந்தகாலத்தையே திருத்தி எழுதிவிட வேண்டும். எலிப்பாஸ் அதனைச் செய்தார்.

அவருடைய தருக்கம் கூர்மையானது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மனிதனின் அறத்தால் இறைவனுக்கு என்ன ஆதாயம் என்று அவர் தொடங்குகிறார். ஆதாயமோ இழப்போ இல்லாதவர் ஒருதலைச் சார்பாகத் தண்டிக்கமாட்டார். ஆகவே தண்டனைக்குக் காரணம் தண்டிக்கப்பட்டவனிடமே இருக்க வேண்டும். யோபு இறைவனுக்கு அஞ்சி நடந்ததற்காகவா இறைவன் அவரைக் கண்டிக்கிறார்? நகைமுரண் யாதெனில், நூலின் முதல் இரு அதிகாரங்களின்படி உண்மை ஏறக்குறைய அதுவேதான். யோபு அறத்தோடு வாழ்ந்ததனாலேயே அவர் சோதனைக்கு உட்பட்டார். சாத்தியமே இல்லை என்று எலிப்பாஸ் கேலியாகத் தள்ளியது உண்மையாக நின்றது. ஐயத்திற்கிடமின்றி அவர் நிறுவியது பொய்யாயிற்று.

இப்பிழையை இந்தியத் தருக்க மரபு நன்கு அறியும். புகையைக் கண்டு நெருப்பை அனுமானிக்கலாம். நெருப்பைக் கண்டு புகையை அனுமானிக்கலாகாது. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை. நெருப்போடு ஈர விறகும் சேர்ந்தால்தான் புகை எழும். இந்த நிபந்தனையை நையாயிகர்கள் ‘உபாதி’ என்றனர். பாவத்தினால் துன்பம் வரும் என்பதை ஏற்றுக்கொண்டாலும், துன்பத்தைக் கண்டு பாவத்தை அனுமானிக்க அதிலிருந்து வழி பிறப்பதில்லை. எலிப்பாஸ் கண்டது யோபுவின் புண்களை மட்டுமே. அப்புண்களிலிருந்து விதவையின் வெறுங்கை வரை அவர் நடந்து சென்ற பாதை முழுவதும் ஹேத்வாபாசம், அதாவது காரணம் போல் தோன்றும் போலி.

வினைப்பயனை ஏற்கும் சமயத்தாரும் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. நோயாளியின் கட்டிலருகே நின்றுகொண்டு, முற்பிறவியில் என்ன செய்தாரோ என்று இரங்குவது போலக் கூறும் வழக்கம் இந்நாட்டில் இல்லாமலில்லை. கருமத்தின் போக்கு அறிதற்கரியது என்று கீதை கூறுவதை அப்போது எவரும் நினைப்பதில்லை. வினைக் கொள்கை தன் வாழ்வை நோக்கித் திருப்பப்பட்டால் ஆத்ம சோதனை; பிறரை நோக்கித் திருப்பப்பட்டால் எலிப்பாஸின் பேச்சு.

‘ஹின்னாம்’ என்னும் சொல்

மூலநூலின் எபிரேய மொழியில் ஒரு சிறு சொல் இருக்கிறது. ‘ஹின்னாம்’ என்பது அது. ‘காரணமின்றி’, ‘சும்மா’, ‘வீணாக’ என்றெல்லாம் பொருள்படும். மொழிபெயர்ப்புகளில் அது வெவ்வேறு சொற்களாகப் பிரிந்துபோவதால், நூல் முழுவதும் அதனைத் தொடர்ந்து செல்வது மொழிபெயர்ப்பை மட்டும் படிப்பவருக்கு எளிதன்று.

முதல் அதிகாரத்தில் குற்றஞ்சாட்டும் சாத்தான் இச்சொல்லை எடுக்கிறான். யோபு ‘ஹின்னாம்’, அதாவது ஆதாயம் ஏதுமின்றி, இறைவனுக்கு அஞ்சுகிறாரோ என்பது அவன் கேள்வி. முழு நூலும் இக்கேள்வியின் மீதே நிற்கிறது. இரண்டாம் அதிகாரத்தில் இறைவன் அதே சொல்லால் விடை தருகிறார்: யோபுவைக் காரணமின்றி அழிக்கும்படி சாத்தான் தம்மைத் தூண்டினான் என்கிறார். 9-ஆம் அதிகாரத்தில் யோபு, இறைவன் காரணமின்றித் தம் காயங்களைப் பெருக்குகிறார் என்று முறையிடும்போதும் அதே சொல்தான். இறைவன் முன்பே சொல்லிவிட்ட சொல்லை, அதைக் கேளாமலே யோபு சரியாகச் சொல்லிவிடுகிறார்.

அடுத்து அச்சொல்லை எடுப்பவர் எலிப்பாஸ். உறவினரிடம் யோபு ‘ஹின்னாம்’, காரணமின்றி, அடகு வாங்கினார் என்கிறார் (22:6). நூலாசிரியர் தெரிந்தே இதனைச் செய்திருக்க வேண்டும். காரணமின்றி ஒருவரிடம் எடுத்துக்கொள்ளப்பட்டது உண்டு. அது யோபுவிடமிருந்து எடுக்கப்பட்டது. ஆடை உரிக்கப்பட்டவரும் உண்டு, அவர் யோபுதான். அவரிடம் எஞ்சியிருந்த ஒரே ஆடை அவருடைய நற்பெயர். அதனையும் எலிப்பாஸ் ‘ஹின்னாம்’ உரித்துக்கொள்கிறார்.

ஏன் ஏழைகள்?

திருட்டு, கொலை, பொய்ச்சாட்சி என்று எத்தனையோ குற்றங்கள் இருக்க, எலிப்பாஸ் ஏழைகளுக்கு இழைத்த கொடுமையைத் தேர்ந்தெடுத்தது ஏன்? பண்டைய மேற்காசியாவில் செல்வரையும் அரசரையும் அளக்கும் அளவுகோல் அதுவாக இருந்தது. வலியவர் எளியவரை ஒடுக்காதிருக்கவும், அநாதைக்கும் விதவைக்கும் நீதி கிடைக்கவுமே தம் சட்டங்களைக் கல்லில் பொறித்ததாகப் பாபிலோனிய மன்னர் ஹம்முராபி தம் கல்வெட்டின் முடிவுரையில் கூறிக்கொள்கிறார். மோசேயின் சட்டத்தில் இது இன்னும் நுணுக்கமாக வருகிறது. ஏழையின் போர்வையை அடகாக வாங்கினால் சூரியன் மறையுமுன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவன் போர்த்திக்கொள்ள அது ஒன்றுதான் உண்டு (யாத்திராகமம் 22:26–27). திரிகைக் கல்லை அடகு வாங்கக்கூடாது. அது ஒருவனின் பிழைப்பு. கடன் கொடுத்தவன் அடகுப்பொருளை எடுக்க ஏழையின் வீட்டுக்குள் நுழையக்கூடாது, வெளியே நிற்க வேண்டும். விதவையின் ஆடையை அடகாக எடுக்கவே கூடாது (உபாகமம் 24).

இவை ஏட்டுச் சட்டங்கள் மட்டுமல்ல என்பதற்கு மண்ணிலிருந்தே ஒரு சான்று கிடைத்தது. இஸ்ரேலின் கடற்கரையருகே மெத்சாத் ஹஷவ்யாகு என்னும் சிறு கோட்டையின் இடிபாடுகளில் 1960-இல் மையால் எழுதிய மண்பாண்ட ஓடு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. கி.மு. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அறுவடைக் கூலியாள் ஒருவர் அதிகாரிக்கு அனுப்பிய முறையீடு அதில் உள்ளது. தமக்குரிய அறுவடையை அளந்து களஞ்சியத்தில் சேர்த்துவிட்டதாகவும், அதன் பின்னரும் ஒருவர் வந்து தம் மேலாடையைப் பறித்துச் சென்றதாகவும், வெயிலில் தம்முடன் அறுத்த தோழர்கள் அனைவரும் தமக்காகச் சாட்சி சொல்வார்கள் என்றும் அவர் கூறுகிறார். வேலையை முடிக்கவில்லை என்று பழி. அதன் பேரில் ஆடை பறிப்பு. பெயர் தெரியாத அந்தக் கூலியாளுக்கு ஆடை திரும்பக் கிடைத்ததா என்பதை ஓடு சொல்லவில்லை.

ஆகவே, எலிப்பாஸ் எடுத்த குற்றம் மிகக் கொடியது. கேட்டவுடன் எவரும் யோபுவை வெறுப்பர். அதைவிட முக்கியமானது, அதை மறுப்பதும் கடினம். கொலை நடந்தால் உடல் இருக்கும். தண்ணீர் தரவில்லை, அப்பம் தரவில்லை என்பவை செய்யாமல் விட்டவை, அவற்றுக்குத் தடயமில்லை. பெருஞ்செல்வர் ஒருவர் வாழ்நாளில் எங்கோ ஒரு விதவையையாவது வெறுங்கையோடு அனுப்பியிருக்கமாட்டாரா என்னும் ஐயம் கேட்பவர் மனத்தில் தானாகவே முளைக்கும். எலிப்பாஸ் குறிப்பது யோபு அறியாமலே நேர்ந்த புறக்கணிப்பைத்தான் என்று அண்மைக்கால உரையாளர் சிலர் அவருக்குச் சாதகமாகப் பொருள் கொள்வதும் உண்டு. ஆனால் ஆடையை உரிப்பது அறியாமல் நேரக்கூடியதன்று.

இத்தனை குற்றங்களை அடுக்கிய எலிப்பாஸின் பேச்சில் ஒரு விதவைக்கும் பெயரில்லை. எந்த ஊர், எந்த ஆண்டு, யாருடைய ஆடை என்பதும் இல்லை. ஏழை ஒருவரும் சாட்சியாக அழைக்கப்படவில்லை. ஏழைகள் அவருக்கு ஒரு வாதப்பொருள், அவ்வளவே. ஏழைகளின் பெயரால் ஒருவர் பேசுவதும், ஏழைகளுக்காக ஒருவர் பேசுவதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைப் புதிய ஏற்பாட்டிலும் காணலாம். பெத்தானியாவில் இயேசுவுக்கு விலையுயர்ந்த நறுமணத் தைலம் பூசிய பெண்ணை, 300 தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று சிலர் கடிந்துகொண்டனர். ஒரு தெனாரியம் நாட்கூலி என்பதால் ஏறக்குறைய ஓராண்டுக் கூலி அது. கேள்வி நியாயமாகவே தோன்றுகிறது. ஆனால் கேட்டவன் யூதாஸ் என்றும், அவனுக்கு ஏழைகள் மீது அக்கறை இருந்ததில்லை என்றும், பணப்பையிலிருந்து எடுத்துக்கொள்பவன் அவன் என்றும் யோவான் எழுதுகிறார். அப்போது இயேசு ஏழைகள் எப்போதும் உடனிருப்பதைப் பற்றிச் சொன்ன சொற்களை வறுமைக்கு எதுவும் செய்ய வேண்டாம் என்பதற்கு ஆதாரமாகக் காட்டுவோர் உளர். அச்சொற்களின் வேர் உபாகமம் 15:11-இல் இருக்கிறது. அவ்வசனத்தின் பிற்பகுதி எளியவருக்குக் கையைத் தாராளமாகத் திறக்கும்படி கட்டளையிடுகிறது.

யோபு உடனே மறுக்கவில்லை

இத்தகைய பழியைக் கேட்ட எவரும் முதலில் செய்வது மறுப்பு. யோபு அதனைச் செய்யவில்லை. 23, 24-ஆம் அதிகாரங்கள் எலிப்பாஸுக்கு யோபு அளித்த விடை. 23-இல் இறைவனை எங்கே கண்டு வழக்குரைக்கலாம் என்று அவர் தேடுகிறார். 24-இல் எவரும் எதிர்பாராத திசையில் திரும்புகிறார். தம்மைப் பற்றிப் பேசாமல் ஏழைகளைப் பற்றிப் பேசுகிறார்.

எல்லைக் கற்களைத் தள்ளி வைப்போர், அநாதையின் கழுதையை ஓட்டிச் செல்வோர், விதவையின் ஒற்றை மாட்டை அடகாகப் பிடிப்போர் ஆகியோரை அவர் காட்டுகிறார். போர்வையின்றி இரவெல்லாம் குளிரில் கிடந்து, மலைமழையில் நனைந்து, ஒதுங்க இடமின்றிப் பாறையைத் தழுவிக்கொள்வோரைக் காட்டுகிறார். தாய்ப்பாலிலிருந்து பறிக்கப்படும் குழந்தையைக் காட்டுகிறார். பசியோடு பிறர் கதிர்க்கட்டைச் சுமப்பவர்களும், தாகத்தோடு பிறர் திராட்சை ஆலையை மிதிப்பவர்களும் அங்கே வருகிறார்கள். நகரத்தினுள் சாகும் மனிதர் முனகுகிறார்கள்; இறைவனோ கவனித்ததாகத் தெரியவில்லை என்று யோபு முடிக்கிறார்.

எலிப்பாஸின் பட்டியலோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அடகு, ஆடை, தண்ணீர், அப்பம், விதவை, அநாதை ஆகிய அனைத்தும் இங்கும் வருகின்றன. ஆனால் இங்கே மழை பெய்கிறது. இங்கே பாறை இருக்கிறது. மிதிக்கும் கால்களுக்கு மேலே வறண்ட நாக்கு இருக்கிறது. அருகிருந்து பார்த்தவரின் பேச்சு இது. பெரு நாட்டு இறையியலாளர் குஸ்தாவோ குட்டியேரஸ் (1928–2024), 1986-இல் வெளிவந்த தம் யோபு ஆய்வில் நூலின் திருப்புமுனைகளில் ஒன்றாக இதனைக் கருதுகிறார். அதுவரை தம் துன்பத்தை மட்டுமே நோக்கிக்கொண்டிருந்த யோபு, குற்றமற்றோரின் துன்பம் தம்மோடு முடிவதில்லை என்பதை உணர்கிறார்; தாம் கேட்கும் கேள்வி ஏழைகள் அனைவரின் கேள்வி என்பதையும் உணர்கிறார். லீமா நகரின் ஏழைக் குடியிருப்புகளிடையே பணியாற்றியவர் குட்டியேரஸ். அவருடைய கண்ணுக்கு இது தென்பட்டதில் வியப்பில்லை.

மறுப்பு பின்னர்தான் வருகிறது. 29-ஆம் அதிகாரத்தில் யோபு தம் பழைய நாட்களை நினைவுகூர்கிறார். ஊர்வாயிலில் பெரியோர் அமர்ந்து வழக்குத் தீர்க்கும் இடத்தில் அவருக்கு இருக்கை இருந்தது. கதறிய ஏழையையும் துணையற்ற அநாதையையும் விடுவித்தார். பார்வையற்றவருக்குக் கண்ணாகவும் கால் ஊனமுற்றவருக்குக் காலாகவும் இருந்தார். முன்பின் அறியாதவனின் வழக்கையும் விசாரித்தார். 31-ஆம் அதிகாரத்தில் அவர் ஆணையிடுகிறார். தம் ஆட்டு உரோமத்தால் குளிர் நீங்கிய ஏழையின் உடலே தம்மை வாழ்த்தியது என்கிறார். எலிப்பாஸிடம் சாட்சி இல்லை. யோபுவின் சாட்சிகள் ஏழைகளே. அநாதைகளின் கைகள் நொறுக்கப்பட்டன என்று எலிப்பாஸ் சொன்னதற்கும் இங்கே நேரடி விடை இருக்கிறது: ஊர்வாயிலில் தமக்குள்ள செல்வாக்கை நம்பி அநாதைக்கு எதிராகக் கையோங்கியிருந்தால், தம் தோள் கழன்று விழட்டும், தம் கை முறியட்டும் என்கிறார். அடிமையின் வழக்கைத் தாம் தட்டிக்கழித்ததில்லை என்பதற்கு அவர் காட்டும் காரணம் அக்காலத்துக்கு மிகவும் துணிவானது. தம்மைக் கருவில் உருவாக்கியவர்தானே அவரையும் உருவாக்கினார் என்பது அது.

யோபுவைக் குறையே இல்லாதவராகக் காட்ட நூலாசிரியர் முயலவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 30-ஆம் அதிகாரத் தொடக்கத்தில், தம்மை இன்று ஏளனம் செய்யும் இளைஞரின் தந்தையரைத் தம் ஆட்டு நாய்களோடு வைக்கவும் தாம் இணங்கியிருக்கமாட்டார் என்கிறார் யோபு. புதர்களில் ஒதுங்கி, வேர்களைத் தின்று பிழைக்கும் அந்த மனிதரைப் பற்றி அவர் பேசும் சொற்களில் இரக்கம் இல்லை. கொடுக்கும் கையிலும் இகழ்ச்சி ஒளிந்திருக்கக்கூடும். யூத ரபிகளின் பழம் தொகுப்பான ‘ஆவோத் தெரபி நாத்தான்’ இதனை வேறு விதமாகத் தொடுகிறது. எத்திசையிலிருந்து வரும் ஏழையும் சுற்றி அலையாமல் நுழைவதற்காகத் தம் வீட்டுக்கு நாற்புறமும் வாசல் வைத்தவர் யோபு என்று அது அவரைப் போற்றுகிறது. உடனே, வாசல் வைத்துக் காத்திருந்தவரைவிட, வெளியே சென்று வழிப்போக்கரைத் தேடிய ஆபிரகாம் மேலானவர் என்றும் கூறுகிறது. எலிப்பாஸ் சொன்னது பொய். ஆனால் யோபு இன்னும் போக வேண்டிய தொலைவு இருந்தது என்பது அந்த ரபிகளின் கருத்து.

குற்றச்சாட்டு எப்போது நியாயமானது?

இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. ஏழைகளை உண்மையிலேயே ஒடுக்கும் செல்வர் எவரும், தம்மைக் குறை கூறுவோரையெல்லாம் எலிப்பாஸ் என்றும், தம்மை யோபு என்றும் எளிதில் கூறிக்கொள்ளலாம். விவிலியம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. எலிப்பாஸ் பொய்யாகச் சொன்ன அதே குற்றங்களைத் தீர்க்கதரிசி ஆமோஸ் உண்மையாகச் சொன்னார். அடகாக வாங்கிய ஆடைகளை விரித்துப் பலிபீடத்தின் அருகிலேயே படுத்துக்கொள்வதையும், ஒரு சோடிச் செருப்புக்காக எளியவனை விற்பதையும், மரக்காலைச் சிறிதாக்கிக் கள்ளத் தராசால் நிறுப்பதையும் அவர் எடுத்துரைத்தார். அவர் இடத்தைக் காட்டினார், செயலைக் காட்டினார், விலையையும் காட்டினார். துன்பத்தில் கிடந்தவரை நோக்கி அவர் பேசவில்லை. செழிப்பில் இருந்தோரை நோக்கிப் பேசினார். அதற்காக நாட்டை விட்டுப் போகும்படி விரட்டப்பட்டவரும் அவரே. எலிப்பாஸுக்கு அப்படி ஓர் இழப்பும் இல்லை.

குற்றம் சாட்டப்பட்டவரிடமும் ஓர் அடையாளம் உண்டு. யோபு பழியை மூடி மறைக்க முனையவில்லை. குற்றப்பத்திரிகையை எழுத்தில் தரும்படி கேட்கிறார். தந்தால் அதைத் தோளில் சுமப்பதாகவும், முடியாகச் சூடிக்கொள்வதாகவும் கூறித் தம் கையொப்பத்தை இடுகிறார் (31:35–36). தம் நிலமே தமக்கெதிராகக் கூவி, அதன் உழவுசால்கள் அழுமானால், கோதுமைக்குப் பதில் முள் முளைக்கட்டும் என்கிறார். உழவுசாலையும் சாட்சிக்கூண்டில் ஏற்றத் துணிபவர் ஒளிக்க எதுவும் இல்லாதவரே.

உரையாசிரியர்களும் தீர்ப்பும்

நண்பர்களின் பேச்சில் அழகும் உண்மையும் நிறைந்திருப்பது உரையாசிரியர்களைத் தொடர்ந்து தொல்லைப்படுத்தியிருக்கிறது. எலிப்பாஸின் சொல் ஒன்றையே புனித பவுல் வேதவாக்காக எடுத்தாள்கிறார் (1 கொரிந்தியர் 3:19). திருத்தந்தை பெரிய கிரகோரி, 35 புத்தகங்களாக விரியும் தம் யோபு உரையில், சரியானதோடு தவறானதைக் கலந்து பேசும் போலிப் போதகரின் உருவகமாக நண்பர்களைக் கண்டார். 1554–55-இல் யோபுவைப் பற்றி 159 சொற்பொழிவுகள் ஆற்றிய ஜான் கால்வின், யோபு நல்ல வழக்கை மோசமாக வாதாடினார், நண்பர்கள் மோசமான வழக்கை நன்றாக வாதாடினார்கள் என்னும் கருத்தில் நின்றார். மைமோனிடஸ் ஒவ்வொரு நண்பருக்கும் ஒவ்வொரு தத்துவப் பள்ளியை ஒதுக்கினார். நுட்பமான முயற்சி, ஆனால் அதில் யோபுவின் புண்கள் மறைந்துபோகின்றன.

தத்துவஞானி இம்மானுவேல் காண்ட் 1791-இல் எழுதிய சிறு கட்டுரை மையப்பொருளை நெருங்குகிறது. வல்லமை மிக்கவர் ஒருவர் மறைந்திருந்து கேட்டுக்கொண்டிருப்பதாக எண்ணி, அவருடைய தயவைப் பெறுவதற்காகப் பேசுவோரைப் போல நண்பர்கள் பேசினர் என்றும், யோபு தாம் எண்ணியதை எண்ணியவாறே பேசினார் என்றும் காண்ட் காண்கிறார். இறைவனுக்காகப் பொய் பேசலாமா என்று 13-ஆம் அதிகாரத்தில் யோபு கேட்டதன் விரிவுரை அது. எலிப்பாஸ் தம் நலனுக்காகப் பொய் சொல்லவில்லை. இறைவனின் நீதியைக் காப்பாற்றவே மனிதன் ஒருவனைப் பலிகொடுத்தார்.

யூதச் சட்ட மரபு இதனைத் தத்துவமாக விட்டுவிடாமல் அன்றாட ஒழுக்க விதியாக்கியது. தால்மூதின் பாவா மெத்ஸியா பகுதி (58ஆ), வணிகத்தில் ஏமாற்றுவது குற்றமாவது போலச் சொல்லால் துன்புறுத்துவதும் குற்றம் என்கிறது. அதற்குத் தரும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று, நோயுற்றவரிடமோ பிள்ளைகளைப் புதைத்தவரிடமோ யோபுவின் நண்பர்கள் பேசியது போலப் பேசுவது. அங்கே சுட்டப்படுவது 22-ஆம் அதிகாரத்தின் வெளிப்படையான பழியல்ல, 4-ஆம் அதிகாரத்தின் மென்மையான பேச்சு என்பது கவனத்திற்குரியது. குற்றமற்றவர் எவராவது அழிந்ததுண்டா என்று ஆறுதல் போல் கேட்ட அந்தக் கேள்வியிலேயே பிந்தைய பட்டியல் முழுவதும் விதையாக இருந்ததை ரபிகள் கண்டிருந்தனர். பொருளை ஏமாற்றியவன் திருப்பிக் கொடுக்கலாம். சொன்ன சொல்லை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்றும் அங்கே கேட்கப்படுகிறது.

நூலின் முடிவில் இறைவன் எலிப்பாஸைப் பெயர் சொல்லி அழைக்கிறார். யோபு பேசியது போல அவரும் அவருடைய நண்பர் இருவரும் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். யோபுவைப் பற்றித் தவறாகப் பேசியதாகவன்று, தம்மைப் பற்றித் தவறாகப் பேசியதாகவே தீர்ப்பு. ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கடாக்களையும் கொண்டு யோபுவிடம் போகும்படியும், யோபு அவர்களுக்காக வேண்டுவார் என்றும் கட்டளை பிறக்கிறது. எலிப்பாஸ் போனார். ஆடையுரித்தவர் என்று தாம் பழித்த மனிதரின் முன் போய் நின்றார். யோபு வேண்டினார். தம் நண்பர்களுக்காக அவர் வேண்டியபோதே அவருடைய வாழ்வு திரும்பியது என்கிறது நூல். அவர் அப்போதும் சாம்பலில்தான் இருந்திருக்க வேண்டும்.

அதன் பின் உடன்பிறந்தாரும் பழைய அறிமுகத்தாரும் வந்து அவர் வீட்டில் அவரோடு அப்பம் உண்டார்கள். ஆளுக்கொரு வெள்ளிக்காசும் பொன் மோதிரமும் தந்தார்கள். மந்தைகள் இரட்டிப்பாயின. மீண்டும் ஏழு புதல்வரும் மூன்று புதல்வியரும் பிறந்தனர். நூல் புதல்வரின் பெயர்களைக் குறிக்கவில்லை. புதல்வியரின் பெயர்களைக் குறிக்கிறது: எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக். மோசேயின் சட்டப்படி மகன் இல்லாத வீட்டில்தான் மகளுக்குச் சொத்துரிமை உண்டு (எண்ணாகமம் 27). ஏழு மகன்கள் இருந்தும், யோபு அந்த மூவருக்கும் அவர்களுடைய சகோதரரோடு பங்கு கொடுத்தார்.